பிள்ளையாரை முதல்ல நிறுத்துனது நான்தான்

வாங்க, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. நீங்க ஆருன்னு எனக்குத் தெரியும். நாச்சிமுத்து அண்ணன், மொடக்குறிச்சி. கையில வெச்சிருக்கறது என் பொண்ணு கண்ணாலப் பத்திரிகைதானுங்களே? தை இருபத்தி ரெண்டு, கோபி மண்டபம். அதைக் கொட்டை எழுத்துல போடச் சொன்னதே நான்தான். உங்க பொண்ணு பத்திரிகையும் பாத்துட்டனுங்க. அதே தை இருபத்தி ரெண்டு, அதே கோபி மண்டபம், முகூர்த்த நேரங்கூட அதேதான். நம்ம சனத்துல பாதிப்பேருக்கு ரெண்டு பத்திரிகையும் போயிருக்குது. ஆரு கண்ணாலத்துக்கு வாரதுன்னு தெரியாம முழிக்கறாங்களாம். முழிக்கட்டும்.

நல்லசிவம் அண்ணன்தான அனுப்பி வெச்சாரு? "அந்த அம்மிணி கொஞ்சம் பிடிவாதம், நீங்களே நேர்ல போய்ப் பேசிப் பாருங்க"ன்னு சொல்லியிருப்பாரு. பேசறதுக்கு என்னங்க இருக்குது? அந்த மண்டபத்தை அந்தத் தேதிக்கு முதல்ல பதிஞ்சது நானு. உங்களுக்கு முந்தின நாளே பதிஞ்சுட்டேன். நீங்க பதியும்போது அது இல்லை. இல்லாமப் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான் விசயம். இதைச் சொன்னா ஊரே என்னைப் பொய்க்காரிங்குது.

இல்லீங்க, நீங்க சொல்லலை. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா? காப்பி எடுத்துக்கோங்க, ஆறிப்போயிரும். சக்கரை குறைச்சலாத்தான் போட்டிருக்குது.

கேளுங்க. நீங்களும் பொண்ணைப் பெத்தவரு. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் உங்க வாயால சொல்லுங்க.

நல்லசிவம் அண்ணனுக்கு ஏழு மண்டபம். கோபி, பவானி, பெருந்துறைன்னு சுத்துப்பட்டுல எல்லாப் பக்கமும். எந்த மண்டபம் எந்தத் தேதிக்கு ஆருக்குங்கறது அத்தனையும் ஈரோட்டு ஆபீசுல கம்ப்யூட்டருல இருக்குது. அதைக் கட்டி மேய்க்கறது நானு. தப்புங்க, மேய்ச்சது நானு. இப்ப "நல்லா ரெஸ்ட் எடுங்க அம்மிணி"ன்னு சொல்லியிருக்காங்க. வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு வாய்விட்டுச் சொல்றதுக்குத் தைரியம் இல்லாதவங்க இப்படித்தான் சொல்லுவாங்க.

டேட்டாபேஸ்னு சொல்லுவோம். அதை ஒத்தையா வெச்சா, என்னைக்காச்சும் ஒரு நாள் படுத்துக்கிச்சுன்னா கதை முடிஞ்சது. அதனால மூணு வெச்சேன். மூணும் தனித்தனி கன்டெய்னரு. கன்டெய்னருன்னதும் லாரி மேல போற பொட்டி ஞாபகம் வருதுங்களா? நல்லசிவம் அண்ணனும் அதைத்தான் கேட்டாரு. "மூணு கன்டெய்னரா? எங்க நிறுத்தியிருக்குது? எனக்குத் தெரியாம எவன் வாங்குனான்?"னு. லாரி வெச்சிருந்த மனுசன். அந்தப் பொட்டி இல்லீங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒவ்வொண்ணையும் தனித்தனியா மூடி வெச்ச மாதிரி ஒரு ஏற்பாடு. ஒண்ணை நிறுத்தலாம், கெளப்பலாம், அடுத்தது அதும்பாட்டுக்கு ஓடும்.

மூணும் ஒண்ணுக்கொண்ணு எல்லாத்தையும் சொல்லிக்கும். எப்படின்னா, நம்ம வீதியில மூணு பொம்பளைங்க தண்ணிக் கொழாய்கிட்ட நின்னா எப்படி? ஒருத்திக்குத் தெரிஞ்சது அடுத்த நிமிசமே மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிரும். அது மாதிரி. பவானியில ஒரு மண்டபம் பதிஞ்சா மூணுக்கும் தெரியும்.

இப்ப ஒருத்தி முன்னாடியே வூட்டுக்குப் போயிட்டான்னு வெச்சுக்கோங்க. அதுக்கப்பறம் மத்த ரெண்டு பேரு பேசினது அவளுக்குத் தெரியாது. அதனால, நிறுத்திட்டு மறுபடி கெளப்பறப்ப ஒரே ஒரு முறைதான். கடைசியா வூட்டுக்குப் போனவதான் காலையில முதல்ல வாயைத் தொறக்கோணும். அவளுக்குத்தான் முழுக்கதை தெரியும். மத்தவங்க அவகிட்டக் கேட்டுக்குவாங்க. அதை விட்டுட்டு, முன்னாடியே போனவளை முதல்ல பேச விட்டீங்கன்னா, அவளுக்குத் தெரிஞ்சதுதான் கதை. அப்பறம் வாரவங்க, தங்களுக்குத் தெரிஞ்சதை அழிச்சுட்டு, அவ சொல்றதையே தாங்களும் சொல்லுவாங்க. எதுத்துப் பேசாதுங்க அது. பொம்பளைங்க மாதிரி இல்லை அந்த விசயத்துல.

புரிஞ்சுதுங்களா? புரிஞ்சுது பாருங்க. உங்களுக்கு ஒரு தடவை சொன்னாப் புரியுது. அங்க பதினாலு வருசமா ஒருத்தருக்கும் புரியலை.

நல்லசிவம் அண்ணனுக்கு எதையும் கண்ணுல பாக்கோணும். "என்னமோ ஓடுது ஓடுதுங்கற, எங்க ஓடுது, காட்டு"ன்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு ஒரு திரையில மூணு கட்டம் போட்டுக் குடுத்தேன். ஓடினா பச்சை, நின்னாச் சிவப்பு. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு பொத்தான். அமுக்கினா நிக்கும், மறுபடி அமுக்கினா ஓடும். அதுக்குப் பேரு வெச்சது அவரு சம்சாரம் வசந்தாமணி அக்கா. முதல் கட்டம் பிள்ளையாரு, ரெண்டாவது முருகன், மூணாவது அம்மன். நான் ஒண்ணு ரெண்டு மூணுன்னுதான் வெச்சிருந்தேன். "நம்பரு எதுக்குக் கண்ணு, சாமி பேரு இருக்கறப்ப?"ன்னாங்க. வெச்சுட்டுப் போறாங்கன்னு விட்டேன்.

அங்கதாங்க தப்பு. முதல்லயே விட்டிருக்கக் கூடாது.

ஆயுத பூசை வந்துச்சு. நோம்பின்னா நோம்பி அப்படி ஒரு நோம்பி அவங்களுக்கு. எல்லா மண்டபத்து ஜெனரேட்டரு, மாவாட்டற மிசினு, பாத்திரம், வண்டி, எல்லாத்துக்கும் பொட்டு. எல்லாம் அன்னைக்கு ராத்திரி ஓய்வுல இருக்கோணும், மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்துல கெளப்போணும். அது சரி. அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. இந்த வருசம் வசந்தாமணி அக்கா வந்து, "அந்த மூணு பொட்டிக்கும் ஓய்வு குடுக்கோணும் துளசி. வருசம் பூரா ஓடுது பாவம்"ங்கறாங்க.

பாவமாம். நான் வருசம் பூரா ஓடறேன், என்னைப் பாத்து ஆராச்சும் பாவம்னு சொன்னாங்களா?

அக்கா, அதுக்கெல்லாம் ஓய்வு தேவையில்லீங்க்கான்னு சொன்னேன். நல்லசிவம் அண்ணன் என்னைப் பாத்து, "புரட்டாசிதான அம்மிணி, கண்ணாலமே இல்லாத மாசம். ஒரு ராத்திரி நின்னா என்ன போகுது?"ன்னாரு. முதலாளி சொன்னா ஆச்சுங்க. நிறுத்தறேன்னேன். நிறுத்தறதுல எனக்குப் பயமில்லை. நிறுத்திக் கெளப்பறது எனக்கு மூச்சு விடற மாதிரி.

சாயங்காலம் பூசை. மானிட்டருக்கெல்லாம் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, கீபோர்டுல அரிசிப்பொரி கொட்டி. கீபோர்டுல பொரிங்க! ஒரு வாரம் ஆச்சு அதைத் தட்டி எடுக்க. நான் போயி பொத்தானை அமுக்கற நேரத்துக்கு வசந்தாமணி அக்கா பின்னாலயே வந்து நின்னுக்கிட்டாங்க.

"துளசி, எதை முதல்ல அணைக்கப்போற... சிவ சிவா, அணைக்கறதுன்னு என் வாயில வருது பாரு. எதை முதல்ல அமத்தப்போற?"

"எதை நிறுத்தினா என்னங்க்கா?"

"அப்படிச் சொல்லாத கண்ணு. பிள்ளையாரைக் கடைசியாத்தான் அமத்தோணும். முதல்ல எழுப்பறதும் அவரைத்தான். அவரை உக்கார வெச்சுட்டு மத்தவங்க நடமாடறது முறையில்லை."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பதினாலு வருசமா இந்த வேலை பாக்கறேன். டிப்ளமா முடிச்சு, டைப் அடிக்கற வேலைக்குச் சேந்து, ஒவ்வொண்ணா நானே கத்துக்கிட்டு, இந்த மூணையும் என் கையால கட்டி நிறுத்தினவ நானு. எந்தப் பொத்தானை எப்ப அமுக்கறதுன்னு எனக்கு இந்தக்கா சொல்லுது. சாமி பேரை வெச்சா அது சாமி ஆயிருமுங்களா?

அந்தக்கா கண்ணு முன்னாடியே பிள்ளையாரை முதல்ல நிறுத்துனேன். ஆமாங்க. வேணும்னுதான். டக்குனு அமுக்கினேன், சிவப்பு வந்துச்சு. "பாருங்க்கா, ஒண்ணும் ஆகலை. எது முதல்ல நின்னாலும் ஒண்ணும் ஆகாது"ன்னேன்.

அது நெசமுங்க. நான் சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பில்லை. நிறுத்தறதுக்கு வரிசை கிடையாது. எதை வேணும்னாலும் முதல்ல நிறுத்தலாம். கடைசியா எதை நிறுத்துனம்னு ஞாபகம் இருந்தாப் போதும். எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. இன்னைக்கு நடுச்சாமத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முதல்ல பிள்ளையாரு, அப்பறம் முருகன், கடைசியா அம்மன்.

அந்தக்கா மூஞ்சி சுண்டிப்போச்சு. சுண்டலைக் கிண்ணத்துல போட்டு நீட்டிட்டுப் போயிட்டாங்க. நான் பாத்துட்டு அடுத்ததை அமுக்கப் போறேன். அப்பத்தானுங்க போன் வந்துச்சு.

எங்க சம்மந்தியம்மா. கவுந்தப்பாடி. என் பொண்ணு மிருதுளாவை அவங்க பையனுக்குப் பேசி முடிச்சு, தேதிக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம். "ஜோசியரு தை இருபத்தி ரெண்டு குடுத்திருக்காரு, அதை விட்டா வைகாசிக்குப் போயிருங்கறாரு. கோபி மண்டபம் கிடைக்குமா பாருங்க. நீங்கதான் அங்கயே இருக்கறீங்களே"ன்னாங்க.

நான் அங்கயே இருக்கறேன். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? ஊருல உள்ளவங்க எல்லாருக்கும் மண்டபம் பதிஞ்சு குடுத்தவ நானு. எத்தனை பேரு கண்ணாலம் என் கையால பதிஞ்சது. முதல் தடவையா என் பொண்ணு பேரைப் பதியறேன். முருகனும் அம்மனும் ஓடிக்கிட்டுத்தான இருக்குது? அந்தத் தேதியைப் பாத்தேன், காலியா இருந்துச்சு. உக்காந்து அடிச்சேன். கோபி மண்டபம். தை இருபத்தி ரெண்டு. மணமகள் மிருதுளா. மிருதுளாங்கறதை ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சேன். பதிஞ்சாச்சுன்னு வந்துச்சு. என் கண்ணால பாத்தனுங்க. பச்சைக் கலருல வந்துச்சு.

சம்மந்தியம்மாகிட்ட, "பதிஞ்சாச்சுங்க"ன்னு சொன்னேன். அவங்க, "உங்களை மாதிரி ஆளு கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணும்"ன்னாங்க. அழுகை வந்துருச்சு எனக்கு. அப்பறம் முருகனை நிறுத்துனேன். அப்பறம் அம்மனை நிறுத்துனேன். லைட்டை அணைச்சுட்டு... ஆமாங்க, அணைச்சுட்டுத்தான், வூட்டுக்கு வந்தேன்.

மெசேஜா? பதிஞ்சா போனுக்கு மெசேஜ் வரும், நீங்க சொல்றது சரி. உங்களுக்கு வந்திருக்கும். அந்த மெசேஜ் அனுப்பற வேலையத்தானுங்க பூசைக்கு முன்னாடியே முதல் வேலையா நிறுத்திட்டேன். போட்டோ எடுத்தீங்களான்னா? நான் எதுக்குங்க போட்டோ எடுக்கோணும்? என் கையால பண்ணுனதை நானே போட்டோ எடுத்து வெச்சுக்குவனா? நகல் எடுக்கற வேலை ராத்திரிதான் ஓடும். அன்னைக்கு ராத்திரிதான் மூணையும் தூங்க வெச்சாச்சே. ஓய்வு குடுக்கறாங்களாமா ஓய்வு.

கிளம்பும்போது அந்தக்காகிட்ட கண்டிசனாச் சொல்லிட்டுத்தான் வந்தேன். "நாளைக்கு நான் வந்துதான் கெளப்புவேன். ஆரும் கை வெக்கக் கூடாது"ன்னு.

ஏன்னு சொன்னீங்களான்னு கேக்கறீங்க பாருங்க, எல்லாரும் இதையே கேக்கறாங்க. எதுக்குங்க சொல்லோணும்? அம்மன்தான் கடைசியா நின்னுச்சு, அம்மனைத்தான் முதல்ல கெளப்போணும்னு சொன்னா, உடனே அதுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. தொடாதீங்கன்னா தொடக்கூடாது. எங்க வூட்டு அடுப்படியில வந்து ஆராச்சும் கை வெக்கறாங்களா?

மறுநாள் விஜயதசமி. நான் விடிஞ்சதும் கவுந்தப்பாடி போயிட்டேன். சம்மந்தி வூட்டுக்கு இனிப்பு குடுத்து, மண்டபம் பதிஞ்சாச்சுன்னு நேர்ல சொல்லிட்டு வரலாம்னு. போன் அடிச்சுது. வசந்தாமணி அக்கா. எடுக்கலை. மறுபடி அடிச்சுது. எடுக்கலை. நல்ல நேரம் போயிருமாம், அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. நல்ல நேரம் அவங்களுக்கு. எனக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான். கொஞ்சம் காத்திருக்கட்டுமேன்னு பைக்குள்ள போட்டுட்டேன். முந்தின நாளு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்கல்ல? அந்தக்காவுக்கும் தெரியட்டும் நானில்லாம ஒண்ணும் ஆகாதுன்னு.

ஆபீசுக்குப் போனேன். வாசல்ல எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்குது. உள்ள போறேன், மூணு கட்டமும் பச்சை.

"ஆரு கெளப்புனது?"ன்னேன். வசந்தாமணி அக்கா நல்லாப் பட்டுச்சீலை கட்டி, பூ வெச்சு, சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. "நாந்தான் கண்ணு. போன் பண்ணினேன், நீ எடுக்கலை. நேரம் முடியப்போகுதுன்னு நானே கற்பூரம் காட்டிட்டு அமுக்கிட்டேன். முதல்ல பிள்ளையாரு. உடனே எந்திரிச்சுக்கிட்டாரு. அப்பறம் முருகன், அப்பறம் அம்மன். ஒரு தொந்தரவும் இல்லை. இதுக்குப் போயி நீ இத்தனை பண்ணுனியே"ன்னாங்க.

உடனே எந்திரிச்சுக்கிட்டாரு. எந்திரிக்காம என்ன பண்ணுவாரு?

இதையும் சொல்லிர்றேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அந்த டேட்டாபேஸு நெசத்துக்கு ரொம்ப உசாரானது. முன்னாடியே போன ஒண்ணை முதல்ல கெளப்பினா, "நான் கடைசியா நின்னவ இல்லை, என்னைக் கெளப்பறது ஆபத்து"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுக்கும். எத்தனை அமுக்கினாலும் எந்திரிக்காது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கரண்டு போயி மூணும் ஒட்டுக்கா விழுந்தப்ப என்னையே அப்படித்தான் நிறுத்திக் கேள்வி கேட்டுச்சு. நல்லசிவம் அண்ணன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "என்ன அம்மிணி, உங்க பேச்சைக் கேக்க மாட்டீங்குது?"ன்னு சிரிச்சாரு. அன்னைக்கே அந்தக் கேள்வியை எடுத்துட்டேன். என்ன சொன்னாலும் கேக்காம கெளம்புன்னு ஒரு வரி போட்டு வெச்சுட்டேன். என்னை எதுக்குங்க அது கேள்வி கேக்கோணும்? எனக்குத் தெரியாதா எது கடைசின்னு? நான் மட்டும் கை வெக்கற இடத்துல எதுக்குக் காவலு?

அதான் பிள்ளையாரு கேள்வி கேக்காம எந்திரிச்சுட்டாரு. அவருக்கு என் பொண்ணு பேரு தெரியாது. நான் பதியறப்ப அவரைத்தான் உக்கார வெச்சாச்சே. முருகனும் அம்மனும் வந்து அவரைக் கேட்டு, அவருக்குத் தெரிஞ்சதையே தாங்களும் வெச்சுக்கிட்டாங்க. தை இருபத்தி ரெண்டு, காலி.

காலியா இருந்த இடத்துல, நான் ஆபீசுக்கு வாரதுக்குள்ள நீங்க வந்து பதிஞ்சுட்டீங்க. விஜயதசமிக்கு முதல் பதிவுன்னு உங்களுக்கு மாலை போட்டு, சுண்டல் குடுத்து, போட்டோ எல்லாம் எடுத்தாங்களாமே. உங்களைக் குத்தம் சொல்லலீங்க. காலியா இருந்தா ஆரு வேணும்னாலும் உக்காரலாம்.

நான் அங்கயே கத்துனேன். என் பொண்ணு பேரு இருந்துச்சு, நீங்க அழிச்சுட்டீங்கன்னேன். நல்லசிவம் அண்ணன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு திரையைப் பாக்கறாரு. "எங்க அம்மிணி இருக்குது? காட்டு பாக்கலாம்"ங்கறாரு. இருக்கறதைக் காட்டலாம். அழிச்சதை எப்படிங்க காட்டறது? "நோம்பி அவசரத்துல பதிஞ்சதா நெனைச்சிருப்ப"ன்னாரு. நெனைச்சிருப்பனாம்.

வசந்தாமணி அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க. அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால சீரணிக்க முடியலை. "போனாப் போகுது துளசி, உன் பொண்ணுக்கு வேற தேதி தர்றோம். மறந்துட்டேன்னு சொல்றதுல என்ன வந்துச்சு? நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்."

மறந்துட்டேன்னு சொல்லோணுமாம். நானு. என் பொண்ணு கண்ணாலத்தை.

சம்மந்தி வூட்டுல சொல்லப் போனேன். கன்டெய்னரு, நிறுத்தினது, கெளப்புனது, எல்லாம் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான், கொழாய்கிட்ட நிக்கற பொம்பளைங்க கதையோட. சம்மந்தியம்மா அமைதியாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "மண்டபம் இல்லைன்னா கோயில்ல வெச்சுக்கலாங்க. அதுக்கு இத்தனை கதை எதுக்கு? பதியலைன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணப் போறோம்?"ன்னாங்க. குடுத்து வெச்சிருக்கோணும்னு சொன்ன அதே வாயி. எங்கூட்டுக்காரரு வெளிய வந்து வண்டியை எடுத்துக்கிட்டே, "வேலை மும்முரத்துல விட்டுப் போயிருக்கும், ஒத்துக்கிட்டாத்தான் என்ன?"ங்கறாரு. முப்பது வருசமா ஒரே வூட்டுல இருக்கற மனுசன்.

மிருதுளா? அவ பெங்களூருல இருக்கறா. அதே கம்ப்யூட்டர் வேலைதான். அவளுக்காவது புரியும்னு சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சுதுங்க. முழுசாப் புரிஞ்சுது. அதான் கொடுமை. அப்பறம், "அம்மா, பிள்ளையாரை எதுக்கு முதல்ல நிறுத்தின?"ன்னா. போனை வெச்சுட்டேன்.

இப்ப நீங்களும் அதைத்தான் கேக்க வாயெடுக்கறீங்க. "அந்தக்கா சொன்னபடி பிள்ளையாரைக் கடைசியா நிறுத்தி..." வேண்டாம். அதைப் பேசாதீங்க. அந்தக்கா எதுக்குச் சொன்னாங்க? முறைன்னு சொன்னாங்க. டேட்டாபேஸு தெரிஞ்சா சொன்னாங்க? காரணம் தெரியாம சொன்னது சரியா வந்தா, அது சரின்னு ஆயிருமுங்களா? நான் காரணம் தெரிஞ்சு பண்ணுனவ. நான் பண்ணுனதுல தப்பு எங்கங்க இருக்குது? நிறுத்துனது சரி. பதிஞ்சது சரி. தொடாதீங்கன்னு சொன்னது சரி. தொட்டது ஆரு?

அதனாலதான் பத்திரிகை அடிச்சேன். ஆரையும் கேக்கலை. தை இருபத்தி ரெண்டு, கோபி மண்டபம். கம்ப்யூட்டருல இருந்து அழிக்கலாம். ஆயிரம் பத்திரிகையை ஆரு வந்து அழிக்கறாங்கன்னு பாக்கறேன். எங்கூட்டுக்காரரு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. சம்மந்தியம்மா இன்னும் போன் எடுக்கலை. எடுக்க வேண்டாம். அன்னைக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு, மேளத்தோட, மண்டப வாசல்ல வந்து நிக்கறேன். ஆரு தடுக்கறாங்கன்னு பாக்கலாம்.

என்னங்க, எந்திரிக்கறீங்க? காப்பி அப்படியே இருக்குது.

என்ன சொன்னீங்க?

சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் கேக்கலை.

விட்டுக் குடுக்கறீங்களா? நீங்களா? உங்க பொண்ணுக்கு மொடக்குறிச்சியிலயே தோட்டத்துல பந்தல் போட்டுக்கறீங்களா? உங்க மாப்ள வூட்டுல பேசிட்டுத்தான் வந்தீங்களா? பொண்ணைப் பெத்தவங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? அதனால விட்டுக் குடுக்கறீங்களா?

உக்காருங்கண்ணா. சித்த உக்காருங்க.

நீங்க நல்ல மனுசன். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை முகஞ்சுளிக்கலை. நான் இத்தனை பேசியும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தன்னோடது எதுவோ அதைத்தானுங்க ஒருத்தரு விட்டுக் குடுக்க முடியும்? அடுத்தவங்களுதை எடுத்துக்கிட்டவங்க விட்டுக் குடுக்க முடியுங்களா? திருப்பித்தான குடுக்க முடியும்?

அந்த வார்த்தைய மாத்திக்கோங்க. வேற எதுவும் வேண்டாம். விட்டுக் குடுக்கறேன்னு சொல்லாதீங்க. "உன்னோடதைத் திருப்பிக் குடுக்கறேன் துளசிமணி"ன்னு சொல்லுங்க. கவுந்தப்பாடியில வந்து சொல்ல வேண்டாம், நல்லசிவம் அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டாம். இந்த வூட்டுக்குள்ள, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. சொன்னீங்கன்னா உங்க காலுல விழுந்து வாங்கிக்கறேன்.

பாக்கறீங்களே. சொல்லுங்க.

முடியலீங்களா? நீங்க நம்பலை. இத்தனை நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, உள்ளுக்குள்ள நம்பலை. இந்தப் பொம்பளை பாவம், மறந்துட்டு மழுப்புறா, போனாப் போகுது, ஒரு மண்டபம்தானன்னு வந்திருக்கறீங்க.

அப்ப வேண்டாம். பாவப்பட்டுக் குடுக்கற மண்டபத்துல என் பொண்ணுக்குத் தாலி ஏற வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போங்க. தை இருபத்தி ரெண்டு உங்க பொண்ணுக்கே இருக்கட்டும். மேளமும் கொண்டுக்கிட்டு வர மாட்டேன், வாசல்லயும் நிக்க மாட்டேன், பயப்படாதீங்க. எங்க கண்ணாலம் கோயில்ல நடக்கும், வைகாசியில நடக்கும், எங்கயோ நடக்கும்.

ஆனா எனக்குப் பத்திரிகை வெச்சுட்டுப் போங்க. மறக்காம வெச்சுட்டுப் போங்க. நான் வருவேன். இந்தச் சீலையில்லை, பட்டுச்சீலை கட்டிக்கிட்டு வருவேன். உங்க பொண்ணு தலையில அரிசி போட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு, முதல் பந்தியில போய் உக்காருவேன். ஆரும் என்னை வாங்கன்னும் கூப்பிட வேண்டாம், இலையும் போட்டுத் தர வேண்டாம். நானே போட்டுக்குவேன். அது என் மண்டபம்.